மன்றச் செய்தி: ஞாயிறு மாலை வாலிபால்

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு மன்றத் திடலில் வாலிபால். பழைய வலை நடுவில் தொய்ந்து கிடக்கிறது. யார் அடித்தாலும் தாண்டிவிடுகிறது, அதில் ஜெயிப்பது ஒரு பெருமையா? இந்த முறை டேப் வைத்து அளந்தே கட்டுவோம். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்கள் ஆட்டத்துக்கு 2.24. உயரத்தை வலையின் நடுவில்தான் அளக்க வேண்டும், கம்பத்தை ஒட்டி அல்ல. ஏணி இருப்பவர்கள் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடுங்கள்.

பெண்கள் அணிக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். பெயரைக் குழுவிலேயே போடலாம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேட முடியவில்லை, அவற்றுக்கு மட்டும் இரண்டு நாள் விடுப்பு கொடுங்கள்.

அப்புறம், கேரம் போர்டில் சிவப்புக் காயைக் காணோம். எடுத்தவர் சத்தமில்லாமல் டிராயரில் வைத்துவிடுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். படிப்பறைச் சாவி இனி செயலாளரிடம் இருக்கும்.