பதினான்கு நாளில் இரண்டு கோப்பை

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அயர்லாந்தின் டெடி மெக்கார்த்தி பற்றி ஒருமுறையாவது எழுதுங்கள். 1990 செப்டம்பர் 2 அன்று டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில், மட்டையால் பந்தடித்து ஆடும் அயர்லாந்து விளையாட்டான ஹர்லிங்கின் இறுதிப் போட்டி. அவரது கார்க் மாவட்ட அணி கால்வே மாவட்ட அணியை மூன்றே புள்ளியில் முந்தியது. அப்புறம் சரியாகப் பதினான்கு நாள் கழித்து, அதே மைதானத்தில், கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் கேலிக் கால்பந்தின் இறுதியில் கார்க் கால்பந்து அணி மீத் மாவட்ட அணியை வீழ்த்தியது, இரண்டிலும் இவர் ஆடினார். ஒரே ஆண்டில் இரண்டு அகில அயர்லாந்துப் பட்டங்களையும் களத்தில் ஆடி வென்றவர் இன்றுவரை இவர் ஒருவர்தான்!

ஹர்லிங் பந்து கைப்பிடிக்குள் அடங்கும், தோலின் மேல் தையல் புடைத்திருக்கும். சுற்றிலும் மட்டைகள் சுழலும்போது எம்பிக் குதித்து அதை வெறுங்கையால் பிடிக்க வேண்டும். கால்பந்திலும் அந்தத் தாவல்தான் அவருக்குக் கைகொடுத்தது. இத்தனைக்கும் அங்கே சம்பளம் கிடையாது, பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் எல்லோரும் ஆடுகிறார்கள். இப்போது பயிற்சிச் சுமை கூடிப்போய், இரண்டையும் ஆடுபவர்களில் பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். 2023 ஜூனில், 57 வயதில் அவர் காலமானார். இங்கே யாரும் பேசியதாகத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.