நயாகராவின் எந்தக் கரையில் தங்குவது என்பதைக் கடவுச்சீட்டுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வார இதழின் கோடைக்காலப் பக்கத்தில், ஆர்.வி. என்று நாம் சொல்லும் வீட்டு வசதியுள்ள வாகனத்தை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் போய்வருவது பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். அம்மம்மா முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் ஒன்றாகச் சமைத்து, உண்டு, உறங்கிப் பயணம் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓரிரவு கனடாக் கரையிலும் மறு இரவு அமெரிக்கக் கரையிலும் தங்கினால்தான் நயாகராவை முழுமையாகப் பார்த்ததாகும் என்று அவர் சொல்லும் ஆலோசனை, வாகனத்தில் ஏறும் ஒவ்வொருவரிடமும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் புறப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஸ்காபரோவில் இருந்து ஏழு பேராக, 28 அடி நீளமான வாகனமொன்றில் புறப்பட்டோம். முதல் இரவு ஒன்ராறியோவிலும் அடுத்த இரண்டு இரவுகள் நியூயோர்க் மாநிலத்திலும் தங்குவதென்று முடிவு செய்து, முகாமிடங்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தோம். என் மாமியாருக்கு அப்போது 74 வயது. என் மனைவியின் அனுசரணையில் இங்கு வந்து, நிரந்தர வதிவிட அட்டை பெற்று, ஆறு ஆண்டுகளாக எங்களோடு வாழ்ந்துவந்தவர். அவரிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை இருந்தால் அமெரிக்காவுக்கு ஓரிரு நாட்கள் போய்வரலாம் என்று நான் நம்பியிருந்தேன். லூயிஸ்டன்–குயின்ஸ்டன் பாலத்தைக் கடந்து அமெரிக்கச் சாவடியில் நின்றபோது, அதிகாரி அவருடைய கடவுச்சீட்டில் அமெரிக்க விசாவைத் தேடினார். அது இல்லை என்று தெரிந்ததும் வாகனத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் கட்டடத்துக்குள் அழைத்துச் சென்றார்கள். இரண்டரை மணி நேரத்துக்குப் பின்னர், வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள்.

அங்கிருந்த அதிகாரிகள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வட இலங்கையில் இராணுவம் வைத்திருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதிகளைப் பிரித்து வைத்துவிட்டு மணிக்கணக்காக வெயிலில் நின்ற என் மாமியாரை, சீருடை அணிந்தவர்கள் நடுவே மீண்டும் ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட்டேனே என்பதுதான் இன்றுவரை என் மனதை அறுக்கிறது. அலுமாரிகளும் கட்டில்களுக்குக் கீழுள்ள பெட்டிகளும் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுவதைக் கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டிருந்த அவர், திரும்பி வரும் வழியில், "என்னாலைதானே பிள்ளையளின்ரை பயணம் குழம்பிப் போச்சு" என்று சொல்லி அழுதார். தவறு அவருடையதல்ல, விசாரிக்காமல் புறப்பட்ட என்னுடையது.

ஆகவே விதியைத் தெளிவாக எழுதுகிறேன். கனடியக் குடியுரிமை உள்ளவர்கள் சுற்றுலாவுக்காக அமெரிக்கா செல்ல விசா தேவையில்லை. கடவுச்சீட்டு இருந்தால் போதும். நிரந்தர வதிவிட உரிமை மட்டும் பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டோ இந்தியக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம் தேவை. வதிவிட அட்டை அவர்கள் கனடாவுக்குத் திரும்பி வருவதற்கான ஆவணமே தவிர, அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான ஆவணம் அல்ல. ஊரில் இருந்து கனடிய விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் இதே நிலைதான். அமெரிக்க விசாவும் வைத்திருக்கும் விருந்தினர் சிலர், தங்கள் கனடிய விசா ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிப்பது என்பதால், பாலத்தைத் தாண்டினால் திரும்ப முடியாமல் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அவர்கள் அமெரிக்காவுக்கு மட்டும் போய், முதலில் வழங்கப்பட்ட தங்கும் காலம் முடிவதற்குள் திரும்பினால், புதிய விசா இல்லாமலே மீண்டும் கனடாவுக்குள் வர விதி இடமளிக்கிறது. என்றாலும் அந்தக் காலம் எந்தத் திகதியில் முடிகிறது என்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

வாகனத்தில் உள்ள ஒருவருக்கேனும் உரிய ஆவணம் இல்லையென்றால், கனடாக் கரையிலேயே தங்கிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். இதனால் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. நயாகரா என்பது மூன்று நீர்வீழ்ச்சிகள் சேர்ந்தது. அவற்றில் அமெரிக்க நீர்வீழ்ச்சியும், அதன் அருகிலுள்ள மெல்லிய பிரைடல் வெய்ல் நீர்வீழ்ச்சியும் கனடாக் கரையை நோக்கியே விழுகின்றன. அமெரிக்க மண்ணில் நிற்பவர் அவற்றைப் பக்கவாட்டிலேயே பார்க்க முடியும். முகம் முழுவதையும் காண்பவர் நம் கரையில் நிற்பவர்தான். ஆற்று நீரின் மிகப் பெரும் பகுதி பாயும் குதிரை லாட நீர்வீழ்ச்சியோ, நம் கரையிலுள்ள டேபிள் றொக் என்னும் பார்வையிடத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் காலடிக்கு அருகிலேயே, சுமார் 57 மீற்றர் ஆழத்துக்கு விழுகிறது. அமெரிக்கக் கரையில் உள்ள கோட் தீவின் அமைதியும், 1885இல் தொடங்கப்பட்ட மாநிலப் பூங்காவின் மர நிழலும் நிச்சயமாக அழகானவை. ஆவணம் இருப்பவர்கள் அவசியம் போய்ப் பார்க்கட்டும். ஒரு முதியவரை அலைக்கழித்துத்தான் அவற்றைப் பார்க்க வேண்டும் என்றில்லை.

கட்டுரையில் விடுபட்டுப்போன இன்னொரு செய்தி, அங்கேயே இரவு தங்குபவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. நீர்வீழ்ச்சியில் எவ்வளவு நீர் விழ வேண்டும் என்பதை 1950ஆம் ஆண்டு கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் நிர்ணயிக்கிறது. ஏப்ரல் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 8 மணியில் இருந்து இரவு 10 மணி வரை, விநாடிக்குக் குறைந்தது 2,832 கன மீற்றர் நீர் விழ வேண்டும். செப்டெம்பர் 16 முதல் ஒக்டோபர் முடியும் வரை அந்த நேரம் இரவு 8 மணியோடு நின்றுவிடும். மற்ற வேளைகளிலும் குளிர்காலம் முழுவதிலும் அதில் பாதி விழுந்தால் போதும். மீதியை மேலேயுள்ள கட்டுப்பாட்டு அணையின் உதவியோடு இரு நாட்டு நீர்மின் நிலையங்களும் எடுத்துக்கொள்கின்றன. கூட்டத்தைத் தவிர்க்க விடியற்காலை 5 மணிக்கு எழுந்து போகும் நம்மவர்கள், பாதி நீரை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடலாம். ஜூன் மாதக் கடைசியில் அங்கு சூரியன் மறைய ஏறத்தாழ இரவு 9 மணியாகிவிடும் என்பதால், நிறைந்த நீரின் மீது வண்ண விளக்குகள் விழுவதைக் காண உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைக்காது. சமையலையும் சாப்பாட்டையும் அதற்கேற்ப முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.

வாகனம் பற்றிச் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒன்ராறியோவின் முழுமையான ஜி வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால், 11,000 கிலோவுக்கு மேற்படாத வாகனத்தை ஓட்டலாம். வாடகைக்குக் கிடைக்கும் பெரும்பாலான ஆர்.வி.கள் இந்த எல்லைக்குள் அடங்கும். ஆனால் அனுமதி வேறு, பழக்கம் வேறு. வழியிலுள்ள பேர்லிங்டன் ஸ்கைவே என்னும் உயர்ந்த பாலத்தின் மேல் பலமான காற்று அடிக்கும்போது இந்த உயரமான வாகனம் எப்படி ஆடும் என்பதை ஓட்டியவர்களே அறிவார்கள். வெறுமையான வாகனத் தரிப்பிடமொன்றில் அரை நாள் பழகிவிட்டுப் புறப்படுவது நல்லது. நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள நெரிசலான தெருக்களுக்குள் அதைக் கொண்டுபோகாமல், லண்டிஸ் லேன் பக்கமுள்ள முகாமிடத்தில் நிறுத்திவிட்டு வீகோ என்னும் உள்ளூர்ப் பஸ்ஸில் ஏறிப் போகலாம். வாகனத்தில் இடம் கிடைக்காத மருமக்களும் மச்சான்மாரும் ரொறன்ரோவில் இருந்து வரும் கோ ரயிலில் வந்து சேர்ந்துகொள்ளலாம். எல்லையைத் தாண்டுவதாக இருந்தால், வாடகை ஒப்பந்தமும் காப்புறுதியும் அமெரிக்காவிலும் செல்லுபடியாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலத்தைத் தாண்டுபவர்கள் குளிர்சாதனப் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எங்கள் பெட்டியில் இருந்த பச்சைக் கறிவேப்பிலைக் கட்டு அன்று பறிமுதல் செய்யப்பட்டது. எலுமிச்சை, தோடை மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வதால், அமெரிக்கா அதை அனுமதிப்பதில்லை. பழங்கள், இறைச்சி, வீட்டில் இடித்த தூள் என எதைக் கொண்டுபோனாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் பொருள் மட்டுமே போகும், மறைத்தால் அபராதம் வரும். மாமிமார், மாமாமாரின் மருந்துகளை மருந்தகம் தந்த போத்தல்களிலேயே வைத்திருங்கள். விறகைப் பொறுத்தவரை, எந்தக் கரையில் எரிக்கிறீர்களோ அந்தக் கரையிலேயே வாங்குங்கள்; மரங்களை அழிக்கும் வண்டுகள் விறகோடுதான் ஊர் ஊராகப் பரவுகின்றன.

இன்னுமொன்று, இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது, வீடு போன்றதுதானே என்று எண்ணி, யாராவது எழுந்து போய்த் தேநீர் போடுவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது சாரதி திடீரென்று தடுப்பை மிதித்தால், கொதிநீரும் அதை வைத்திருப்பவரும் முன்னால் வீசப்படுவார்கள். பெரியவர்கள், சிறியவர்கள் எல்லோரும் ஆசனப்பட்டி அணிந்து அமர்ந்திருக்க வேண்டும். தேநீரை வழியிலுள்ள ஓய்விடத்தில் நிறுத்திக் குடிக்கலாம்.

தங்கள் பத்திரிகையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ரொறன்ரோவில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் பலருக்கு, குடிவரவு விதிகள் பற்றிய செய்தி உங்கள் பக்கங்கள் வழியாகத்தான் சென்றடைகிறது. எனவே இனிமேல் எல்லையைத் தாண்டும் பயணக் கட்டுரை எதை வெளியிட்டாலும், குடியுரிமை பெற்றவர், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர், விருந்தினர் விசாவில் வந்தவர் ஆகிய மூவருக்கும் எந்தெந்த ஆவணம் தேவை என்பதைக் கட்டுரையின் முதற்பகுதியிலேயே ஒரு சிறு பெட்டிச் செய்தியாக அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மே மாதத்தில் வரும் விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்கு முந்திய இதழில் அது வெளிவந்தால், பலர் வாகனத்துக்கும் முகாமிடத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ.