துலூஸில் இருக்கும் தம்பிக்கு

சார்செல்
டிசம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். நீ போனை எடுப்பதில்லை, வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. வண்டி டயருக்குக் காற்றுப் பார்த்து வை.

காராமணிக்குப்பத்து வீட்டு விஷயம் அப்படியே கிடக்கிறது. சித்தப்பா கையெழுத்துப் போடமாட்டாராம். போன பொங்கலுக்கு நீ சொன்னதுதான் நடக்கிறது. அதை அப்புறம் பேசலாம்.

டிசம்பர் 5 வந்தால் டிவியில் நம் ராக் பாடகர் ஜானி அலிடேதான். உட்கார்ந்து பார்த்தேன். 2017-இல் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்கு நீயும் நானும் பாரிஸ் ஷாம்ப்ஸ் எலிசே வீதியில் குளிரில் நின்றோமே, அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. எழுநூறு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனபோது, அப்பாவுக்குக் காது வலிக்கும் என்று பின்னாலிருந்து பொத்தினாய். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரக் கிழவர், கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார். உன்னிடம் அதை நான் சொல்லவில்லை.

பாட்டுக்களை விட அவருடைய வீட்டுக் கதைதான் இந்தத் தடவை மனதில் நின்றது. நிஜப் பெயர் ழான்-பிலிப் ஸ்மெட். 1943-இல் பாரிஸில் பிறந்தார். அப்பா லியோன் ஸ்மெட் பெல்ஜியக்காரர், குடிகாரர், கைக்குழந்தையாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போனவர். வளர்த்தது யார் தெரியுமா? அத்தை. லியோனின் கூடப்பிறந்த எலேன் மார். அத்தை மகள்கள் இருவரும் நடனக்காரிகள், அவர்களோடு ஊர் ஊராகப் போய் மேடைக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளை. அலிடே என்ற பெயரே அத்தை மகளின் கணவர், அமெரிக்கர் லீ ஹாலிடேயிடமிருந்து வந்தது.

பெரிய ஆளான பிறகு, ஜெர்மனியில் ஓஃபன்பர்க் முகாமில் ராணுவ சேவை செய்தபோது அந்த அப்பா பார்க்க வந்தாராம். கட்டிப் பிடித்தாராம். உடனே படம் பிடிப்பவர்கள் வெளியே வந்தார்கள். அந்தக் கட்டிப்பிடிப்புக்குக் காசு வாங்கியிருக்கிறார் மனுஷன். ஆனாலும் 1989-இல் பிரஸ்ஸல்ஸில் அவரை அடக்கம் செய்தபோது கூட நின்றது இந்த மகன் ஒருவர்தான்.

சரி, இவர் அப்பாவாக எப்படி? டேவிட் பிறந்தது 1966-இல். லோரா 1983-இல். லோராவுக்கு மூன்று வயதாகும்போது வீடு இரண்டாகிவிட்டது. அதே 1986-இல் அவள் பெயரிலேயே பாட்டு வந்தது, பாடகர் கோல்ட்மன் எழுதியது. நம் பெஜோ காரில் அந்தக் கேசட் தேயத் தேய ஓடும். நல்ல பாட்டுதான். ஆனால் பாட்டு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதே. 1999-இல் ஒரு ஆல்பத்துக்கு டேவிட்தான் இசை போட்டார். தகப்பனும் மகனும் ஒரே மேடையில் நின்று பாடினார்கள். மகனுக்கு அப்போது முப்பத்துமூன்று. அதற்குள் எத்தனை வருஷம் போய்விட்டது பார்.

முடிவு உனக்கே தெரியும். 2014-இல் கலிஃபோர்னியா சட்டப்படி எழுதிய உயிலில் எல்லாம் மனைவி லெட்டீசியாவுக்கு. ஒரு கித்தார் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை, என் பெயரில் வந்த பாட்டின் கையெழுத்துப் போட்ட இசைத்தட்டு உறைகூட இல்லை என்று லோரா ஊரறியக் கடிதம் எழுதினாள். 2020-இல்தான் சமரசம் ஆனது. அவள் கேட்டதைக் கவனி தம்பி. வீடு வாசலை முதலில் எழுதவில்லை, அந்த உறையை எழுதினாள்.

மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ அவளைக் கோபிக்காதே. பாப்பா போனில் பேசும்போது, பையை வெள்ளிக்கிழமையே கட்டிவிட்டேன் தாத்தா என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. துலூஸிலிருந்து போர்தோ இரண்டரை மணி நேரம்தானே. நீ இஞ்சினியர், உனக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டாம். டயரைப் பார்த்து வை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்று நீ கேட்கலாம். கேட்கமாட்டாய். ஒன்றரை வயதில் உன்னை அத்தையிடம் விட்டோம். இரண்டு வருஷம் என்றேன், ஆறு வருஷம் ஆனது. ஒரே அறை, இருவருக்கும் வேலை, வசதி இல்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வருஷமே பணம் கையில் இருந்தது தம்பி. அதைப் போட்டுத்தான் அந்தப் பெஜோவை வாங்கினேன். அம்மா அழுதாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். பிள்ளை இல்லாத வீடு எனக்குச் சௌகரியமாகப் பழகிவிட்டது. ரொவாசி விமான நிலையத்தில் நீ வந்து இறங்கிய அன்று சிவப்புப் பொம்மைக் கித்தாரை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "தாங்ஸ் மாமா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காருக்குள் ஏறியதும் ஜானி பாட்டைச் சத்தமாக வைத்தேன், நீ வேறெதுவும் பேசிவிடக் கூடாதே என்று.

அந்தக் கித்தார் கீழே நிலவறையில்தான் இருக்கிறது. இரண்டு நரம்பு அறுந்திருந்தது, மாற்றி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் உடையும். நீ வந்து எடுத்துக்கொண்டு போய்ப் பாப்பாவிடம் கொடு. அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. சனிக்கிழமை போர்தோ பக்கம் மழையாம். மெதுவாக ஓட்டு.