இன்னொரு 3060 வேண்டாம்

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

சரி, உன் கணினியில் இன்னொரு கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். இருக்கிற என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்குத் துணையாக இன்னொரு 3060 போடாதே. இருக்கிறதை விற்றுவிட்டு, பழையதானாலும் அதே வரிசையில் பெரிய கார்டான 3090 ஒன்று வாங்கு.

நீ 3டி காட்சி செய்யும் பிளெண்டரில், காட்சியைப் படமாக வரைந்து தரும் (அதுதான் ரெண்டர்) சைக்கிள்ஸ் என்ற பகுதி இரண்டு கார்டையும் சேர்த்து வேலை வாங்கும், ரெண்டர் நேரம் ஏறக்குறைய பாதியாகும். அது உண்மைதான். ஆனால் உன் கஷ்டம் நேரம் இல்லையே. கோயில் மண்டபக் காட்சி மெமரி போதாமல் நின்றுவிடுகிறது என்றுதானே எழுதியிருந்தாய்? 12 ஜிபியும் 12 ஜிபியும் அங்கே 24 ஆகாது. ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தன் மெமரியில் தனித்தனியாக ஏற்றிக்கொள்ள வேண்டும். 3090-இல் ஒரே கார்டில் 24 ஜிபி இருக்கிறது.

கேமுக்கும் இரட்டைக் கார்டு உதவாது. 2004-இல் என்விடியா, இரண்டு கார்டை இணைத்து ஓட்டும் எஸ்எல்ஐ வசதியைக் கொண்டுவந்தபோது நாம் எவ்வளவு ஆசைப்பட்டோம்! இரண்டு கார்டும் ஃபிரேம்களை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை, மாறி மாறி வரையும். நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை கூடினாலும் இடைவெளி சீராக இல்லாமல் படம் திக்கும். இப்போதைய கேம்கள் முந்தைய ஃபிரேமின் தகவலை வைத்துத்தான் அடுத்ததை வரைகின்றன, அதனால் வேலையைப் பிரிப்பதே சிரமம். 2021 முதல் என்விடியா ஒவ்வொரு கேமுக்கும் தேவையான எஸ்எல்ஐ அமைப்புகளை (ப்ரொஃபைல்கள்) புதிதாகச் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டது. 3060-இல் அந்த வசதியே கிடையாது.

உன் தம்பி மாதிரி மொழி மாடல்களை (சாட்ஜிபிடி போல எழுதித் தரும் ஏஐ) வீட்டுக் கணினியில் ஓட்டுகிறவனுக்கு வேறு பதில் சொல்வேன். அங்கே மாடலின் அடுக்குகளை இரண்டு கார்டுக்கும் பங்கிடலாம், மெமரி உண்மையிலேயே கூடும்.

அப்புறம், 3090 மட்டுமே 350 வாட் இழுக்கும். உன் 550 வாட் பவர் சப்ளை தாங்காது, நல்ல 850 வாட் ஒன்றுக்கும் பணம் எடுத்து வை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராஃபிக்ஸ் கார்டு வைத்து ஈட்டும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றதும் நிறைய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. 3090-இல் பின்பக்கமும் மெமரி சிப்கள் உண்டு, அவை கடுமையாகச் சூடாகும். விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் ரெண்டர் ஓட்டி, மெமரி வெப்பநிலையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
செல்வம்