காரைக்கால், மாஹே, ஏனாமுக்குத் தனியாக ஓர் எம்.பி. வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி மக்களவைத் தொகுதியின் வரலாறு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "நகர்ப்புறத் தொகுதி" என்று தலைப்பிலேயே குறிப்பிட்டிருந்தீர்கள். கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் மட்டுமே புதுச்சேரி என்றால் அது சரி. நான் வசிக்கும் குருவிநத்தம் நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். தென்பெண்ணையாற்றைக் கடந்தால் கடலூர் தொகுதி. என் தங்கையை அக்கரையில்தான் கொடுத்திருக்கிறோம். 2024 ஏப்ரல் 19 அன்று இரண்டு தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. இரண்டிலும் கை சின்னம் நின்றது. சாயங்காலம் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "உங்கள் எம்.பி.க்கு எதுவரை மச்சான் எல்லை?" என்று மாப்பிள்ளை கேட்டார். "ஏனாம் வரை" என்றேன். ஏனாம் எங்கே இருக்கிறது என்று அடுத்து கேட்டார். பக்கத்துத் தொகுதியில் நாற்பது வருடமாக ஓட்டுப் போடுகிறவர் அவர்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்ததுதான் எங்கள் ஒரே மக்களவைத் தொகுதி. ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 800 கிலோமீட்டர். மாஹே கேரளத்தில், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையில், 600 கிலோமீட்டருக்கு அப்பால். காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர். புதுச்சேரிப் பகுதியாவது ஒரே நிலமா என்றால் அதுவும் இல்லை. வில்லியனூரிலிருந்து திருக்கனூருக்குப் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், நடுவில் விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் வந்து போகும். பிரசார வண்டிகள் அங்கே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, மறுபடி நம் எல்லை வந்ததும் போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வடிவம், சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962இல் வந்ததல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1871 முதல், இந்த நான்கு பகுதிகளும் வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூரும் சேர்ந்துதான் பாரீஸ் நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஒரே ஒரு பிரதிநிதியை அனுப்பின. 1946இல் லம்பேர் சரவணன் அப்படிப் போனார். 1951இல் எதுவார் குபேர் போனார். பெரிய மார்க்கெட்டுக்குப் பெயர் கொடுத்த அதே குபேர்தான், 1954இல் பிரான்சை விட்டு இந்தியப் பக்கம் வந்து, 1963இல் முதலமைச்சரானார். சந்திரநாகூர் வங்காளத்தோடு சேர்ந்துவிட்டது. மீதி நான்கும் அப்படியே ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டு டெல்லிக்கு வந்தன. யாரோ எப்போதோ கட்டிய மூட்டையை நாம் அவிழ்த்துப் பார்க்கவே இல்லை.

கட்டுரையில் கொடுத்த எம்.பி.க்கள் பட்டியலில் ஒரு விடுபடல் இருக்கிறது. 1967இல் சேதுராமன், 1971இல் மோகன் குமாரமங்கலம், அடுத்து 1977 என்று போய்விட்டீர்கள். மத்திய அமைச்சராக இருந்த குமாரமங்கலம் 1973 மே 31 அன்று டெல்லி விமான விபத்தில் இறந்தார். அதனால் 1974இல் இடைத்தேர்தல் வந்தது. அதில் அ.தி.மு.க.வின் அரவிந்த பாலா பழனூர் வென்றார், 1977இலும் அவரே வென்றார். 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் அவரும் சத்தியவாணி முத்துவும் இடம்பெற்றார்கள். மத்திய அமைச்சரவைக்குள் திராவிடக் கட்சி முதன்முதலாகக் கால் வைத்தது அப்போதுதான். அதில் ஒருவரை அனுப்பியது நம் தொகுதி. அதை விட்டுவிட்டு எழுதலாமா? பிறகு சண்முகம் மூன்று முறை, ஃபாரூக் மூன்று முறை, இடையில் 1998இல் தி.மு.க.வின் ஆறுமுகம், 2004இல் பா.ம.க.வின் பேராசிரியர் இராமதாஸ். 2009 முதல் நாராயணசாமி, இராதாகிருஷ்ணன், இரண்டு முறை வைத்திலிங்கம். இதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

2004 தேர்தலின்போது நான் அரசுப் பணியில் மாஹேயில் இருந்தேன். குடியிருந்த வீட்டுக்காரச் சேச்சி, வாக்காளர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாம்பழம் எந்தக் கட்சியின் சின்னம் என்று என்னைக் கேட்டார். பா.ம.க. என்று சொன்னேன். நிற்பவர் மாஹேக்கு வந்தாரா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எதிரில் பா.ஜ.க.வில் நின்றவர் மோகன் குமாரமங்கலத்தின் மகள் லலிதா. அந்தக் குடும்பத்தின் பெயர் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று விளக்கினேன். சேச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் எங்களுக்கு யார்?" என்றார். நான் பதில் சொல்லாமல் மாடிப்படி ஏறிவிட்டேன். அந்தக் கேள்விதான் இருபது வருடத்துக்கு மேலாகியும் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி மாஹேயில் 41,816 பேர், ஏனாமில் 55,626 பேர். ஒன்றிய ஆட்சிப்பரப்பு முழுவதிலும் 12,47,953 பேர். மாஹே ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தாலும் முடிவு மாறுவது அரிது. வேட்பாளர் போகாததற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி. போதாததற்கு, 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையில் காரைக்காலின் சட்டமன்றத் தொகுதிகள் ஆறிலிருந்து ஐந்தாயின, மாஹேயின் இரண்டு ஒன்றானது. கோட்டுச்சேரி போனது, பள்ளூர் போனது. புதுச்சேரிப் பகுதியோ 21லிருந்து 23 ஆனது. இங்கேயும் காசுக்கடை, புஸ்சி, ரெட்டியார்பாளையம், எங்கள் குருவிநத்தம் ஆகிய பெயர்கள் தொகுதிப் பட்டியலிலிருந்து மறைந்தன. எங்கள் ஊர் இப்போது பாகூரில் இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் பாகூர் மூன்று மைல். மாஹேக்கு அந்த ஆறுதல் இல்லை.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். லட்சத்தீவில் 64,473 பேர், அவர்களுக்குத் தனியாக ஓர் எம்.பி. அது நியாயம், கடலுக்கு நடுவில் இருக்கிறார்கள். தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையுவும் 2020 ஜனவரியில் ஒரே ஒன்றிய ஆட்சிப்பரப்பாக இணைக்கப்பட்டன. இரண்டிலும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள். இணைந்த பிறகும் இரண்டு எம்.பி.க்கள் அப்படியே நீடிக்கிறார்கள். அதைப்போல் இரு மடங்கு மக்கள்தொகை கொண்ட நமக்கு ஒருவர். காரைக்காலில் மட்டும் 2,00,222 பேர். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று லட்சம்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து இரண்டாவது மக்களவைத் தொகுதி வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தூரம் அப்போதும் குறையாது. ஆனால் அந்த எம்.பி. மாஹேக்குப் போகாமல் ஜெயிக்க முடியாது.

மாஹேயைக் கேரளத்தோடும் ஏனாமை ஆந்திரத்தோடும் சேர்த்துவிட்டால் தொல்லை விட்டது என்று சிலர் சொல்வார்கள். 1979 ஜனவரியில் பக்கத்து மாநிலங்களோடு இணைப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது புதுச்சேரி கொதித்ததை என் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. மக்கள் விருப்பத்தை அறியாமல் இந்தப் பகுதிகளின் அமைப்பை மாற்றக் கூடாது என்று இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956 ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 2024இல் மாஹே மக்கள் சுற்றியுள்ள கேரளத்துக்கு ஒரு வாரம் முன்பாகவும், ஏனாம் மக்கள் ஆந்திரத்துக்கு மூன்று வாரம் முன்பாகவும் புதுச்சேரியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். அவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களோடு இல்லை.

அடுத்த மறுவரையறைக்குக் கருத்துக் கேட்கும்போது இந்தக் கோரிக்கையை எல்லாக் கட்சிகளும் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாங்களும் ஓர் உதவி செய்யலாம். வரும் மக்களவைத் தேர்தல் முடிவை வெளியிடும்போது, மொத்த வாக்கு வித்தியாசத்தோடு நிறுத்தாமல், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு பகுதிகளின் வாக்குகளையும் தனித்தனியாக, முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
குருவிநத்தம், பாகூர் கொம்யூன்,
புதுச்சேரி.