முல்லைத்தீவு வலையும் ரெனிஸ் பந்தும்

கிளிநொச்சி

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின்ரை முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. ரண்டு நாளாய் மழை, இரணைமடுவிலை தண்ணி ஏறுது.

நாடுகள் அணி அணியாய் மோதுற ஆம்பிளையளின்ரை ரெனிஸ் போட்டி, டேவிஸ் கிண்ணம், அதைக் கனடா 2022இலை எடுத்த கதையைப் போன கிழமை நீ போனிலை சொல்லேக்கை எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அதே வருசம் மார்ச்சிலை, தகுதிச் சுற்றிலை, கனடா நெதர்லாந்திட்டைத் தோத்ததை நீ சொல்லேல்லை. ரஷ்யாவை விலக்கினதாலைதான் அவைக்கு இடம் கிடைச்சது. பிறகு நவம்பரிலை மலாகாவிலை அவுஸ்திரேலியாவை வெண்டு கிண்ணத்தைத் தூக்கினவை. எனக்கு அந்த மார்ச் தோல்விதான் பெரிய கதை.

2017 ஆடியிலை பென்சன் அலுவலாய்க் கொழும்புக்குப் போனனான், ஞாபகமிருக்கோ? அலுவல் முடிய நேரே ரெனிஸ் சங்கத்தின்ரை மைதானத்துக்குப் போனன். அதே டேவிஸ் கிண்ணத்திலை ஆசிய ஓசியானிய வலயத்தின்ரை மூண்டாம் குழுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அந்தக் குழுவிலை எல்லா நாடும் ஒரே இடத்திலை கூடி, ஒரு கிழமைக்குள்ளை விளையாடி முடிக்கோணும். ரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். ஒண்டுக்கு ஒண்டு எண்டு நிண்டால் கடைசி இரட்டையர்தான் தீர்ப்பு. அந்த நேரம் நாலு பேரின்ரை முகத்தையும் நீ பார்த்திருக்கோணும்.

களிமண் தரை. ஒரு பந்து கோட்டிலை பட்டுதோ இல்லையோ எண்டு சந்தேகம். நடுவர் உயரக் கதிரையாலை இறங்கி வந்து, குனிஞ்சு, மண்ணிலை விழுந்த தடத்தைப் பார்த்தார். காசளவு அடையாளம். விளையாடினவன் சப்பாத்து நுனியாலை அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டு மூச்சு விடாமல் நிண்டான். அவன்ரை வெள்ளைச் சொக்ஸ் முழுக்கச் செம்புழுதி. எங்கடை கிரவல் ரோட்டாலை பள்ளிக்கூடம் போய் வந்த உன்ரை கால்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த முறை இலங்கை ரண்டாம் குழுவுக்கு ஏறினது. இலங்கை அணியிலை தங்கராஜா தினேஷ்காந்தன் எண்ட பேரைப் பத்திரிகையிலை முதல் கண்ட நாள், வெட்டி அலுமாரிக்குள்ளை வைச்சனான். இப்பவும் கிடக்கு.

இப்ப விசயத்துக்கு வாறன். பள்ளிக்கூட மைதானத்தின்ரை கிழக்குக் கரையை அதிபரிட்டைக் கேட்டு எடுத்திருக்கிறன். 78 அடி நீளம், 27 அடி அகலம் அளந்து சுண்ணாம்பு போட்டாச்சு. வலை முல்லைத்தீவிலையிருந்து வந்தது, கிழிஞ்ச மீன்வலை. ரண்டாய் மடிச்சு, நடுவிலை 3 அடி வாறமாதிரி இழுத்துக் கட்டினம். பின்னேரத்திலை பதினொரு பிள்ளையள் வருகினம். ரெனிஸ் பந்தை இவ்வளவு காலமும் கிரிக்கெட்டுக்குத்தான் பாவிச்சவை. அதிலை ஒரு பெட்டை, எட்டாம் வகுப்பு, இடக்கையாலை அடிக்கிறாள். ஒருக்காலும் ஆரும் அவளுக்குப் பிடி சொல்லிக் குடுக்கேல்லை. அடிச்சால் பந்து மூலைக்குத்தான் போகும். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு விம்முது.

பந்துதான் காணாது. இருக்கிறது எல்லாம் மொட்டையாய்ப் போச்சு, துள்ளுதில்லை. நீ விளையாடப் போற இடத்திலை பழசெண்டு கழிக்கிறதுகளைச் சேர்த்து வை. தைப்பொங்கலுக்கு வரேக்கை பெட்டியிலை உடுப்பைக் குறைச்சு அதைக் கொண்டு வா. மட்டைக்குக் கட்டுற நரம்பு ரண்டு சுருளும் வேணும். கட்டுறதை நான் பழகிக்கொள்ளுறன்.

அன்புடன்,
அப்பா