படத்தில் இருப்பது புஸ் மாத் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கராச்சி–மெட்ராஸ் தபால் விமானம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், '1932இல் ஜே.ஆர்.டி. டாடா ஓட்டிய விமானம்' என்று அச்சிட்டிருக்கும் படத்தில் இருப்பது லெப்பர்ட் மாத் என்ற ரக விமானம். அந்த ரகம் முதன்முதலாகப் பறந்ததே 1933 மே மாதத்தில்தான். 1932 அக்டோபர் 15 அன்று 25 கிலோ தபாலோடு கராச்சியிலிருந்து கிளம்பியது புஸ் மாத் என்ற வேறொரு ரகம். பொன்விழாவுக்காக 1982இல் டாடா அதே தடத்தில் மறுபடி பறந்தபோதுதான் லெப்பர்ட் மாத்தை எடுத்தார். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இரண்டும் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனத் தயாரிப்பு; தூரத்தில் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். இறக்கையைப் பார்த்தால் போதும். புஸ் மாத்துக்கு உடம்போடு சேரும் இடத்திலிருந்து நுனிக்குச் சற்று முன்புவரை ஒரே அகலம். லெப்பர்டுக்கு நுனி நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். புஸ் மாத்தின் உடல் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. லெப்பர்டின் உடல் பிளைவுட்.

புஸ் மாத்தின் 'தலைகீழ் என்ஜின்' என்பதைக் கட்டுரையாளர் ஒரு வினோதமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். 120 குதிரைத்திறன் கொண்ட ஜிப்ஸி 3 என்ஜினில் நான்கு சிலிண்டர்களும், புரொப்பல்லரைச் சுழற்றும் கிராங்க் தண்டுக்குக் கீழே தொங்கும். அதனால் விமானிக்கு முன்பக்கம் மறைக்காது; புரொப்பல்லரும் தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். இதற்குக் கொடுக்கும் விலை எண்ணெய்த் தொல்லை. நிறுத்தி வைத்த என்ஜினில் எண்ணெய் கசிந்து இறங்கி, அடியில் இருக்கும் சிலிண்டர் தலையில் தேங்கும். அப்படியே கிளப்பினால் ஸ்பார்க் பிளக் நனைந்து ஒரு சிலிண்டர் வேலை செய்யாது. அதிகம் தேங்கியிருந்தால், நசுங்காத எண்ணெயில் பிஸ்டன் முட்டி, அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஆகவே முதலில் சுவிட்சை அணைத்து, புரொப்பல்லரைக் கையால் மெதுவாகச் சில சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் முரட்டுத்தனமாகத் தள்ளக் கூடாது. பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு சுற்றலாம்.

தரையிறங்கும்போது வேகம் குறையாமல் மிதந்துகொண்டே போகும் சுபாவமும் புஸ் மாத்துக்கு உண்டு. அதற்காகச் சக்கரக் கால்களை மூடியிருக்கும் தகட்டு உறையையே 90 டிகிரி திருப்பிக் காற்றுத் தடையாக்கினார்கள். எளிமையான, புத்திசாலித்தனமான ஏற்பாடு.

'பழுதே அறியாத விமானம்' என்று கட்டுரை சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. 1930–33இல் ஒன்பது புஸ் மாத்கள் பறக்கும்போதே உடைந்து விழுந்தன. கொந்தளிப்பான காற்றில் வேகமாகப் போனால் இறக்கை படபடத்து முறிந்தது. பிறகு இறக்கைத் தாங்குகம்பிக்குக் கூடுதலாக ஒரு சிறு முட்டுக் கொடுத்து விறைப்பாக்கினார்கள்.

கடைசியாக, மெட்ராஸ் வரை டாடாவே ஓட்டியதாக எழுதியிருப்பதும் சரியல்ல. அவர் அகமதாபாத்தில் மாட்டு வண்டியில் வந்த நான்கு கேலன் கொள்ளளவுள்ள டின்களிலிருந்து பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலைக் கொண்டுவந்தவர் டாடாவின் சக விமானி நெவில் வின்சென்ட். அன்றிரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள்தான் மெட்ராஸ் வந்து சேர்ந்தார்.

அன்புடன்,
வாசகர், சென்னை